நாற்பத்திரண்டு குழியும் உன் மனைவியும்

மகன் ஹமீதுக்கு, ஆம்பூரிலிருந்து உன் தகப்பன் ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உன் அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. காரியம் செய்தவன் நீ, முகம் திருப்பல் எனக்கு. பக்ரீத்துக்கு ஊருக்கு வந்தாய், நன்றாகச் சாப்பிட்டாய், நன்றாகத் தூங்கினாய். பிறகு, வாணியம்பாடிக்குப் போய் மச்சானைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று ஜுபைதாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாய். போனவன் அவளை அவள் அண்ணன் இப்ராஹிம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நீ மட்டும் மெட்ராஸ் வண்டி ஏறிவிட்டாய். அந்த வண்டி ஆம்பூர் ஸ்டேஷனில் நின்றுதானே போகிறது? இறங்கி வந்து, இப்படிச் செய்துவிட்டேன் அத்தா என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்குத் தைரியம் இல்லை. பெரியமேட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு கார்டு எழுதிப் போட்டாய். 'வாடகை விஷயத்தில் அவர்கள் இறங்கி வரும்வரை அவள் அங்கேயே இருக்கட்டும், உங்களுக்கு உதவியாக இருக்கும்.' கார்டு என்றால் வழியில் இருக்கிற அத்தனை பேரும் படிக்கலாம் என்பதுகூடவா உனக்குத் தெரியாது? தபால்காரர் அதை என் கையில் கொடுக்கும்போதே தலையைக் குனிந்துகொண்டார். அதனால்தான் இதைக் கவரில் போட்டு, பசை தடவி ஒட்டி அனுப்புகிறேன்.

வாடகை என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கடிதம் எழுதுவது அதற்காக அல்ல. உன் மனைவி இன்னும் அவள் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். நீ வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதை ஒரு வரியில் எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் உனக்கு ஏறாது. நீ என் மகன் அல்லவா, எனக்கும் ஒரு வரியில் சொல்லி எதுவும் ஏறியதில்லை. ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன், உட்கார்ந்து படி.

நம் தோல்ஷாப் இருக்கிற இடம் உன் மாமனார் காதர் பாயுடையது என்பது உனக்குத் தெரியும். அவர் எனக்கு எவ்வளவு பெரிய தோஸ்த் என்பதும் தெரியும். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். பாலாற்றங்கரையில் ஒன்றரைக் காணி. அன்றைக்கு அதில் முள்ளும் கல்லும்தான். கிணறு நான் வெட்டியது. தோல் ஊறப்போடுகிற குழிகளும் நான் வெட்டியவை. முதலில் பதினாலு குழி. வியாபாரம் எப்படிப் போகுமோ, இன்னும் எத்தனை குழி வெட்டுவேனோ, எனக்கே தெரியாது. அதனால் காதர் பாய் சொன்னார், "மொத்தமா ஒரு தொகை பேசுனா ஒனக்கு பாரம். குழிக்கு இவ்ளோன்னு வெச்சிக்குவோம். குழி ஜாஸ்தியானா எனக்கு ஜாஸ்தி குடு. கம்மியானா கம்மி." இதைவிட நியாயமாக ஒரு நிலக்காரர் பேசி நான் கேட்டதில்லை. குழி ஒன்றுக்கு வருஷத்துக்கு ஆறு ரூபாய் என்று முடிவாயிற்று. இரண்டு பேரும் பத்திரம் எழுதப் போனோம்.

நான் செய்த முட்டாள்தனம் அங்கேதான். பத்திரம் எழுதியவர் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்துக்காரர். நெல் விளைகிற ஊர். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 'குழி ஒன்றுக்கு ஆறு ரூபாய்' என்றதும் பேனாவை நிறுத்தி, "எத்தினி குழின்னு போடணுமே?" என்றார். "அதைப் போடாதீர், வருஷா வருஷம் மாறும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "செரி, எந்தக் கோல்?" என்று கேட்டார். குழிக்குள் தோலைப் புரட்டுகிறோமே, அந்தக் கோலைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இவருக்கு எதற்கு என் ஷாப்பில் இருக்கிற கோலின் கதையெல்லாம் என்று எனக்கு எரிச்சல். ரயிலுக்கு வேறு நேரமாகிக்கொண்டிருந்தது. "எந்தக் கோலா இருந்தா உமக்கு இன்னா? குழின்னா குழிதான், எழுதும் ஐயா" என்று அதட்டினேன். அவரும் எழுதிவிட்டார். காதர் பாய் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், நானும் படிக்காமல் போட்டேன். படித்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. என் தலைக்குள் குழி என்றால் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் நாறுகிற குழி ஒன்றுதான். நிலம் அளக்கிறவர்களுக்கும் ஒரு குழி உண்டு, நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி, கோலை வைத்துத்தான் அதை அளப்பார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது என் புத்தியில் உறைக்கவில்லை. எழுதியவர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். நான் இரண்டு தடவையும் அவர் வாயை அடைத்தேன்.

காதர் பாய் இருந்தவரை இதனால் ஒரு தொல்லையும் வரவில்லை. யுத்த காலத்தில் சிப்பாய்களின் பூட்ஸுக்குத் தோல் தோல் என்று பறந்தார்கள். குழிகள் இருபத்தொன்பதாயின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நாற்பத்திரண்டாயின. வாடகையும் அதற்கேற்ப ஏறியது. ரசீது வாங்கினாயா என்று நீ கேட்பாய். வாங்கவில்லை. தோஸ்த்திடம் எவன் ரசீது கேட்பான் என்று இருந்துவிட்டேன். உன் நிக்காஹ் முடிந்து ஆறு மாதத்தில் காதர் பாய் மௌத்தானார். இடம் அவர் மகன் இப்ராஹிம் கைக்கு வந்தது. அவன் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்து, விவரம் தெரிந்த யாரிடமோ காட்டியிருக்கிறான். அவர், 'ஒன்றரைக் காணி என்றால் நூற்றைம்பது குழி ஆயிற்றே, நாற்பத்திரண்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறீர்களே' என்று சொல்லியிருக்கிறார். வக்கீல் நோட்டீஸ் வந்தது. போனது போகட்டும், இனி நூற்றைம்பது குழிக்கும் வாடகை வேண்டும், முடியாதென்றால் மூன்று மாதத்தில் இடத்தைக் காலி செய்யவேண்டும். ஒரே வார்த்தையில் வாடகை மூன்றரை மடங்கு.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த நோட்டீஸ் பக்ரீத்துக்கு இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. நான் அதை மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். உனக்கு எழுதவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. படிக்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் என்று மகனுக்குத் தெரிந்துவிடுமே என்கிற வெட்கம். அந்த இரண்டு மாதமும் நான் செய்தது என்ன தெரியுமா? கோபப்பட்டேன். உருப்படியாக வேறு ஒன்றும் செய்யவில்லை. பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒரு இடம், ஆலங்காயம் போகிற வழியில் ஒரு இடம், இரண்டையும் போய்ப் பார்த்தேன். ஓரிடத்தில் தண்ணீர் உப்பு, இன்னோரிடத்தில் தண்ணீரே இல்லை. நம் கிணற்றுத் தண்ணீரில் ஊறிய தோலின் நிறம் வேறு எங்கும் வராது என்பது எனக்கும் தெரியும், இப்ராஹிமுக்கும் தெரியும். குழியைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது என்பதும் தெரியும். 'உன் இடமே வேண்டாம், போகிறேன்' என்று சொல்ல முடிந்தவன்தான் வாடகையைப் பற்றிக் குரலை உயர்த்தலாம். நான் போக முடியாதவன். ஆனாலும் குரலை உயர்த்தினேன்.

பிறகு அவன் அளப்பதற்கு ஆள் அனுப்பினான். கோலும் கயிறுமாக நாலு பேர் வந்தார்கள். ஷாப்பை அளந்தார்கள், தோல் காயப்போடுகிற கொட்டகையை அளந்தார்கள், வண்டி திரும்புகிற இடத்தை அளந்தார்கள். நான் வெட்டிய கிணற்றையும் அளந்தார்கள். போன வருஷம் அதற்குள் விழுந்த வாளிக்கும் சேர்த்து வாடகை கேட்பார்கள் போலிருக்கிறது என்று நான் கத்தினேன். அவர்கள் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சின்னப்பன் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "கடைசி வரிசையிலிருந்து குழியெல்லாம் மண் போட்டு மூடு. அவன் குழி குழி என்கிறானே, ஒரு குழிகூட இல்லாமல் செய்துவிட்டுப் போகிறேன்" என்றேன். மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார், "மூடிடலாம் பாய். ஊறிகினு இருக்கிற தோல எங்க போடறது, ஒங்க கோவத்துலியா?" சுற்றி இருந்த ஆட்கள் எல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் தோள்கள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அந்த ஷாப்பை நம்பி அறுபது குடும்பம் இருக்கிறது. அதை மேஸ்திரி ஞாபகப்படுத்தித்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம்தான் நீ வந்தாய். விஷயம் உன் காதுக்கு எட்டியது. நான் இரண்டு மாதம் கோபப்பட்டுச் செய்த முட்டாள்தனத்தையெல்லாம் நீ ஒரே நாளில் தாண்டிவிட்டாய். இப்ராஹிம் வீட்டு வாசலில் நின்றுகொண்டு நீ என்ன சொன்னாய் என்பது இப்ராஹிம் சொல்லி எனக்குத் தெரியும். "வாடகைய எறக்கு மச்சான். அப்பறம் ஒந்தங்கச்சிய ஏத்திக்கிறேன்." பேச்சு எடுப்பாக இருக்கிறது என்று உனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்திருக்கும். ஏன்டா, அவள் பக்கத்தில்தானே நின்றுகொண்டிருந்தாள்? கையில் துணி மூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள் அல்லவா? அவளுக்குத் தாயும் இல்லை, இப்போது தகப்பனும் இல்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்க, அவளை வைத்து வாடகை பேசினாய். மெட்ராஸில் கம்பெனிக்காரர்களோடு இங்கிலீஷில் பேரம் பேசுகிறவன் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இதுவா நீ கற்றுக்கொண்ட பேரம்?

கோபத்தில் இதை எழுதிவிட்டேன். இப்போது நீ, 'அத்தா மட்டும் என்ன யோக்கியம்' என்று நினைத்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியவன்தான் நான். உனக்கு மூன்று வயது இருக்கும். பேர்ணாம்பட்டிலிருந்து உன் பெரிய மாமா எனக்கு ஒரு வண்டித் தோல் அனுப்பினார். பாதி ஓட்டை விழுந்த தோல். தெரிந்தே அனுப்பினார் என்று நான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், அது வேறு விஷயம். அதற்கடுத்த வாரம் உன் சின்னம்மாவுக்கு நிக்காஹ். உன் அம்மா துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். 'உன் அண்ணன் என் தோலுக்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் போகலாம்' என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. எடுத்து வைத்த துணிகளைத் திரும்ப ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். உன் சின்னம்மா அந்த மாதமே புருஷனோடு ரங்கூனுக்குக் கப்பல் ஏறினாள். இன்றுவரை திரும்பவில்லை. அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உன் மாமாவோடு நான் அடுத்த வருஷமே சமாதானமாகி, திரும்பவும் வியாபாரம் செய்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இந்தத் தடவை உன் கார்டைப் படித்துக் காட்டியபோது உன் அம்மா என்னைப் பார்த்தாள். "ஒங்க புள்ளதான்" என்று மட்டும் சொன்னாள். அதிலிருந்துதான் பேச்சு நின்றது. எனக்கு இருபத்தொரு வருஷம் கழித்து விளங்கியது, வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை வண்டியில் வாணியம்பாடிக்குப் போனேன். இப்ராஹிம் வாசலிலேயே நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள், "சாச்சா, வாடகை பேச வந்திருந்தீங்கன்னா வக்கீல்கிட்ட பேசிக்குங்க. மருமவளப் பாக்க வந்திருந்தீங்கன்னா உள்ள வாங்க, சோறு தயாரா இருக்கு" என்றான். வழியெல்லாம் நான் வேறு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். "மருமகளைப் பார்க்கத்தான்" என்றேன். உண்மையில் நான் இரண்டுக்கும்தான் போனேன். ஆனால் அப்படிச் சொன்னது நல்லதாகப் போயிற்று. ஜுபைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து ஸலாம் சொன்னாள். ரொட்டியும் தால்சாவும் பரிமாறினாள். இளைத்திருந்தாள். மாமி எப்படி இருக்கிறார்கள், கருப்பு ஆடு குட்டி போட்டதா என்றெல்லாம் கேட்டாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் உன் பேரை எடுக்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் இப்ராஹிமே வாடகைப் பேச்சை எடுத்தான். அவனுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "ஒங்கள பேஜார் பண்ணணும்னு இல்ல சாச்சா. எங்கத்தா ஒங்கள தோஸ்த்துன்னு சொல்லி இத்தினி வருசமா ஒரே ரேட்ல வுட்டுட்டாரு. நான் ஒங்களுக்கு தோஸ்த் இல்ல. எனக்கு மூணு பொண்ணு. பத்திரத்துல குழின்னுதான போட்டிருக்கு?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்த ஜுபைதா கதவருகில் வந்து நின்றாள்.

"அண்ணே, நோம்புப் பெருநா முடிஞ்சதும் அத்தா என்னக் கூட்டிகினு ஆம்பூருக்குப் போவாங்களே, எதுக்குன்னு நெனச்சே?" என்று கேட்டாள்.

"எதுக்கு? சாச்சாவப் பாக்க."

"குழி எண்ண. அத்தாவுக்குக் கண்ணு செரியா தெரியாது. நான்தான் ஒவ்வொண்ணா நின்னு எண்ணிச் சொல்லுவேன். நான் எண்ணின மொத வருசம் இருவத்தொம்போது. கடசியா எண்ணினப்ப நாப்பத்திரெண்டு. அத்தா நெலத்துக்கு வாடகை வாங்கியிருந்தா, அந்த நெலம் வருசா வருசம் வளந்துகினா இருந்துச்சு?"

ஹமீது, எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. பச்சைப் பாவாடை கட்டிய சின்னப் பெண், குழி ஓரமாக விரலை நீட்டிக்கொண்டே நடந்து போவாள். ஒரு வருஷம் ஒரு குழியைப் பாதி வெட்டி நிறுத்தியிருந்தோம். அதையும் சேர்த்து முப்பத்தைந்து என்று நானே சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அதுல தண்ணியும் இல்ல தோலும் இல்ல சாச்சா. அது குழி இல்ல, பள்ளம்" என்றாள். காதர் பாய் விழுந்து விழுந்து சிரித்து, அந்த வருஷம் முப்பத்துநாலுக்குத்தான் வாங்கிக்கொண்டார். நான் வக்கீலைத் தேடி வேலூருக்கு நாலு தடவை நடந்தேனே, இல்லாத ரசீதுகளை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேனே, பத்திரத்தில் இருக்கிற குழிக்கு என்ன அர்த்தம் என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் நம் வீட்டுச் சமையலறையில் இருந்திருக்கிறாள். அந்த ஆளைத்தான் நீ கொண்டுபோய் எதிராளி வீட்டில் இறக்கிவிட்டு வந்தாய்! உன் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல?

இப்ராஹிம் விரல்விட்டு வருஷங்களை எண்ணிப் பார்த்தான். அப்புறம், "இத அன்னைக்கே சொல்றதுக்கு இன்னா?" என்று தங்கையைக் கேட்டான்.

"யாரு கேட்டீங்க?" என்றாள் அவள். "இங்க எறக்கி வுட்டவரும் கேக்கல, உள்ள வான்னு சொன்ன நீயும் கேக்கல. ஒங்க வெவகாரத்துல நான் ஒரு மூட்டையாட்டம் இருந்தேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கேட்காதவர்களில் நானும் ஒருவன்.

வாடகை முடிந்த கதையைக் கேள். இப்ராஹிம் நல்லவன். தகப்பன் செய்ததைத் தங்கை சொன்ன பிறகு அவன் நிலக்கணக்கைப் பேசவில்லை. குழி என்றால் தோல் குழிதான் என்று ஒத்துக்கொண்டான். எனக்கு எழுந்து குதிக்கவேண்டும் போல் இருந்தது. சரி, அந்த ஆறு ரூபாயையே தொடர்வோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். இருபத்தைந்து வருஷம். ஆவாரம்பட்டை விலை ஏறியபோதெல்லாம் நான் தோல் விலையை ஏற்றிச் சொன்னேன். ஆள் கூலி ஏறியது, வண்டிக் கூலி ஏறியது. காதர் பாய்க்குக் கொடுத்த வாடகை மட்டும் குழிக்கு அதே ஆறு. அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. அதைத் தோஸ்த்தானா என்று பேர் வைத்து நான் அனுபவித்தேன். அவர் மகன் வந்து ஒரேயடியாக ஏற்றியபோது அநியாயம் என்று கத்தினேன். அவன் கேட்டது அநியாயம்தான், ஆனால் அவனை அந்த அளவுக்குப் போகவைத்தவன் நான். நானாகப் பார்த்து நடுவில் இரண்டு தடவை ஏற்றிக் கொடுத்திருந்தால் அவன் பத்திரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கவே மாட்டான். இதை அவனிடமே சொன்னேன். குழிக்கு ஒன்பது ரூபாய் என்று நானே சொன்னேன். அவன் பத்து கேட்கவில்லை.

ஐந்து வருஷத்துக்குப் புதுப் பத்திரம் நேற்று எழுதியாகிவிட்டது. 'தோல் ஊறப்போடுவதற்காக வெட்டிக் கட்டிய குழி, இன்றைய தேதியில் எண்ணிக்கை நாற்பத்திரண்டு, நில அளவு அல்ல' என்று எழுதச் சொன்னேன். எழுதியதை மூன்று தடவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். எழுதியவருக்கு என்மேல் அப்படி ஒரு எரிச்சல். இருக்கட்டும். புதிதாகக் குழி வெட்டினால் இரண்டு பக்கத்து ஆளும் நின்று எண்ணவேண்டும் என்றும், கொடுக்கிற வாடகைக்கு ரசீது உண்டு என்றும் போட்டிருக்கிறது. ஒருநாள் இந்த ஷாப் உன் கைக்கு வரும். வாடகை ஏறும். ஏறாமல் எந்த உலகத்திலும் இருக்காது. அப்போது முதலில் பத்திரத்தை எடுத்துப் படி, அதில் உனக்குப் புரிந்த வார்த்தையைத்தான் ரொம்பச் சந்தேகப்படவேண்டும். எதிராளிக்கு எங்கே இடிக்கிறது என்று கேள். இடத்தை விட்டுப் போக முடியாதவனாக இருந்தால் போகிறேன் என்று மிரட்டாதே. வீட்டில் இருக்கிறவர்களிடம் சொல், அவர்களுக்கு என்ன தெரியும் என்றும் கேள். நோட்டீஸைத் துணிக்கு அடியில் வைக்காதே. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இத்தனை வயசாயிற்று.

அன்றைக்குப் பேச்சு முடிந்ததும் நான் ஜுபைதாவைப் பார்த்து, "துணியை எடுத்துக்கொள்ளம்மா, சாயங்கால வண்டிக்கு வீட்டுக்குப் போய்விடலாம், மாமி காத்திருக்கிறாள்" என்றேன். இப்ராஹிமும், "போம்மா" என்றான். எல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதான் நாங்கள் இரண்டு ஆண்களும் நினைத்தோம். அவள் நகரவில்லை. முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடியே நின்றாள். "நான் வரல மாமா. நீங்க கூப்புடறீங்கன்னு வந்துட்டா, வாடகை படிஞ்சிடுச்சு, அதான் வந்துட்டான்னு ஆவும். அடுத்த தடவ ஏறுனா திரும்பவும் இங்கதான வருவேன்?" என்றாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். அதுவரை உன்னைப் பற்றி ஒன்றும் கேட்காதவள், அப்போதுதான் கேட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் வார்த்தை ஒன்றும் சேர்க்கவில்லை.

"எத்தினி ரூவா கொறஞ்சிருந்தா என்னக் கூட்டிகினு போயிருப்பாருன்னு அவர ஒரு தடவ கேட்டு எழுதுங்க மாமா."

கேட்டு எழுதிவிட்டேன். பதிலை எனக்கு எழுதாதே. சனிக்கிழமை வண்டியில் ஏறி, ஆம்பூரில் இறங்காமல் நேராக வாணியம்பாடிக்குப் போய், அவளிடம் சொல்.

உன் தகப்பன்.